சேகரிப்பும் இல்லறமும்

கண்ணுக்கு இனியதைக் கையில் எடுப்பதும், கையில் எடுத்ததைக் காத்து வைப்பதும் மனிதனுக்கு இயல்பாக அமைந்த குணங்கள். ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்காத குழந்தை இல்லை. வளர வளரப் பெரும்பாலோர் இப்பழக்கத்தை விட்டுவிடுகின்றனர், சிலர் விடுவதில்லை. கூழாங்கல் இருந்த இடத்தில் அஞ்சல் தலை வருகிறது. பழைய நாணயமோ இசைத்தட்டோ அரிய புத்தகமோ வருகிறது. பள்ளி மாணவராக இருக்கும் வரையில் பெற்றோர் அதனைக் கண்டு மகிழ்கின்றனர். வெளியூர்க் கடிதங்களின் உறைகளை உறவினர் சேர்த்துவைத்துக் கொடுத்து உதவுகின்றனர். திருமணம் ஆன பிறகு, அதே பழக்கம் வீட்டில் ஒரு வழக்காக மாறிவிடுவதை நாம் பல இல்லங்களில் காண்கிறோம். அஃது ஏன் அவ்வாறு மாறுகிறது, அதற்குத் தீர்வு உண்டா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒரு சொல் அடிக்கடி இடர் தருவதுண்டு. ‘ஹாபி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதிவிடுகிறோம். வேறு வேலை இல்லாத பொழுதைப் போக்குவதற்கு உதவுவது என்பது அச்சொல்லின் பொருள். சீட்டாட்டத்துக்கும் திரைப்படத்துக்கும் அது பொருந்தும். சேகரிப்பவருக்கோ போக்குவதற்குப் பொழுது இருப்பதில்லை. உள்ள பொழுதே போதுவதில்லை. அவர் தம் சேகரிப்பைக் கல்வி என்றும், தவம் என்றுங்கூட எண்ணுகிறார். அவருடைய மனைவி அதனைப் பொழுதுபோக்கு என்றே எண்ணுகிறார். ஒரே பொருளுக்கு இருவரும் வெவ்வேறு சொல்லை மனத்தில் வைத்திருப்பதால், பேச்சுத் தொடங்கும்போதே பிணக்கும் தொடங்கிவிடுகிறது.

ஐதராபாத்தில் உள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள், ஒரு மனிதர் இத்துணைப் பொருள்களை எங்ஙனம் திரட்டினார் என்று வியப்பதுண்டு. மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் 1889-ஆம் ஆண்டில் பிறந்து 1949-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அவர் மறைந்தபின் 1951-ஆம் ஆண்டில் அவருடைய மாளிகையிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டில் அது புதிய கட்டடத்துக்கு மாற்றப்பட்டது. ‘இதனை எங்கே வைப்பது?’ என்று கேட்பதற்கு அவர் இல்லத்தில் மனைவி இல்லை. வைப்பதற்கு மாளிகை இருந்தது. நம்மில் பெரும்பாலோர் நிலைமை இதற்கு நேர்மாறானது. தலைநகரில் அரசாங்கக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் கணவன், மனைவி, குழந்தைகள், முதிய பெற்றோர் ஆகிய அனைவரும் வாழ்கின்றனர். அவ்வீட்டில் நுழையும் ஒவ்வொரு பொருளும் வேறு ஒன்றின் இடத்தைப் பறித்துக்கொண்டே நுழைகிறது. ஆதலின் சாலார் ஜங்கைப் பார்த்து நாம் வியக்கலாம்; பின்பற்ற இயலாது.

சேகரிப்பு ஓர் இல்லத்தினின்று எடுத்துக்கொள்வன மூன்று: பணம், இடம், நேரம். இம்மூன்றும் குடும்பத்தின் பொதுச் சொத்துகள். ஒருவர் தம் விருப்பத்துக்காக அவற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது குற்றம் ஆகாது. கேளாமல் எடுத்துக்கொள்வதும், எடுத்ததை மறைப்பதுமே துன்பத்துக்குக் காரணங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய நாணயத்தை மனைவியிடம் காட்டி, ‘நூறு ரூபாய்தான்’ என்று சொல்லும் கணவரை நாம் அறிவோம். அந்த நாணயம் உண்மையானதாக இருக்கலாம். அன்று அவ்வீட்டில் புகுந்த பொய், நாணயத்தைவிட நெடுங்காலம் நிலைத்து நிற்கும். பின்னொரு நாளில் அவர் மருத்துவச் செலவுக்கென்று உண்மையான கணக்கைச் சொன்னாலும் அது நம்பப்படுவதில்லை.

முற்காலத்தில் மறைப்பது எளிதாக இருக்கவில்லை. பொட்டலம் வந்தால் தபால்காரர் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைப்பார். பணத்தை எண்ணித்தான் கொடுக்க வேண்டும். இன்று இணையவழி ஏலங்கள் நடைபெறுகின்றன. நள்ளிரவில், அனைவரும் உறங்கும் வேளையில், கைபேசியை விரலால் தொட்ட அளவில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் ஓசையின்றிச் சென்றுவிடுகிறது. பொட்டலத்தை அலுவலக முகவரிக்கு வரவழைத்துக்கொள்வோரும் உளர். வசதி பெருகப் பெருக மறைப்பும் பெருகுமாயின், வசதியின் பயன் என்ன என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கே ‘சேமிப்பு’, ‘சேகரிப்பு’ என்ற இரு சொற்களின் வேறுபாட்டையும் கருதவேண்டும். அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் அரிசிப் பானையிலும் நம் அன்னையர் ஒளித்துவைத்த பணம் சேமிப்பு. அவசரத்துக்கு அஃது உடனே கைக்கு வரும். சேகரிப்பு அத்தகையது அன்று. அஞ்சல் தலை விலைப்பட்டியலில் ஐயாயிரம் என்று அச்சிடப்பட்டிருக்கும் ஒன்றை வணிகரிடம் விற்கச் சென்றால், அவர் தம் இலாபத்தையும், வாங்குவோர் வரும்வரை காத்திருக்க வேண்டிய காலத்தையும் கணக்கிட்டு, அதனினும் மிகக் குறைந்த தொகையையே கூறுவார். அண்மைக் காலத்தில் பெருந்தொகையாக அச்சிடப்பட்ட நினைவு அஞ்சல் தலைகளுக்கு, வாங்கிய விலை கிடைப்பதே அரிது. இவற்றை அறிந்திருந்தும் சிலர், ‘இது முதலீடு, பிற்காலத்தில் பெண்ணின் திருமணத்துக்கு உதவும்’ என்று மனைவிக்கு ஆறுதல் கூறுகின்றனர். ஸ்பெயின் நாட்டில் அஞ்சல் தலைகளை முதலீடாகக் காட்டிப் பணம் திரட்டிய இரண்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில் காவல் துறையால் சோதனையிடப்பட்டன. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், தங்கள் சேமிப்பு அஞ்சல் தலைகளில் பத்திரமாக இருப்பதாக அதுவரை நம்பியிருந்தனர். மகிழ்ச்சிக்காக வாங்கியதை மகிழ்ச்சிக்காக வாங்கினேன் என்று சொல்வதே நேர்மை. அவ்வாறு சொல்லப்படும் மகிழ்ச்சிக்குப் பெரும்பாலான மனைவியர் ஒரு பங்கு ஒதுக்க மறுப்பதில்லை.

கேளாமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, இங்கிலாந்தில் வாழ்ந்த சர் தாமஸ் பிலிப்ஸ் என்பவரின் வரலாறு சான்று. அவர் 1792-ஆம் ஆண்டில் பிறந்து 1872-ஆம் ஆண்டில் மறைந்தார். உலகில் உள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு படி தம்மிடம் இருக்கவேண்டும் என்பது அவருடைய வேட்கை. ஏறத்தாழ 60,000 கையெழுத்துச் சுவடிகளை அவர் திரட்டினார். தனி ஒருவர் திரட்டிய சுவடித் தொகுதிகளில் அதற்கு இணையானது அரிது. அதனால் அழியாமல் காக்கப்பட்ட ஆவணங்கள் பல. அறிஞருலகம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. எனினும், அவருடைய இல்லத்தார் அடைந்த துன்பமும் சிறிதன்று. கடன் தொல்லையால் சில காலம் நாட்டை விட்டே வெளியேறி வாழ நேர்ந்தது. மிடில் ஹில் என்ற அவருடைய மாளிகையில் அறை அறையாகப் பெட்டிகள் நிறைந்து, உண்ணும் அறையும் சுவடிகளுக்கே உரியதாயிற்று. முதல் மனைவி 1832-ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் அவர் நாடியது, தம் கடனை அடைக்கக்கூடிய செல்வமுள்ள மணமகளையே. 1842-ஆம் ஆண்டில் மறுமணம் நிகழ்ந்தது. அதே ஆண்டில் மூத்த மகள், தந்தை விரும்பாத ஒருவரை மணந்து வீட்டை விட்டுச் சென்றாள். மாளிகை அவளுக்கே சேரும் என்ற ஏற்பாட்டை மாற்ற இயலாமையால், தந்தை அதனைப் பாழாக விட்டு வேறு ஊருக்குப் பெயர்ந்தார். அவர் மறைந்தபின், 1886-ஆம் ஆண்டில் தொடங்கி, பல பத்தாண்டுகளாக அத்தொகுதி ஏலத்தில் பிரிந்து பிரிந்து போயிற்று. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்க எண்ணியவரின் குடும்பமும் பிரிந்தது, சேகரிப்பும் பிரிந்தது.

இதற்கு மாறான வரலாறு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஹெர்பர்ட் வோகல் என்பவர் அஞ்சல் துறையில் கடிதங்களைப் பிரிக்கும் எழுத்தராகப் பணிபுரிந்தார். அவருடைய மனைவி டோரதி நூலகர். 1962-ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். மனைவியின் ஊதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவது, கணவரின் ஊதியத்தைக் கொண்டு புதிய ஓவியர்களின் படைப்புகளை வாங்குவது என்று இருவரும் கூடி முடிவு செய்தனர். விலை தங்கள் ஊதியத்துக்குள் அடங்க வேண்டும். ஒரே படுக்கையறை கொண்ட தங்கள் சிறு வீட்டில் பொருள் அடங்க வேண்டும் என்பன அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். வீட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாத அளவினதான எதனையும் அவர்கள் நாடவில்லை. புகழ் பெறாத இளம் கலைஞர்களை இருவருமே நேரில் சென்று கண்டனர். இருவரும் விரும்பியதையே வாங்கினர். சுவர்கள் நிறைந்து, கட்டிலின் அடியும் நிறைந்தது. 1992-ஆம் ஆண்டில் அத்தொகுதியை வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் கூடத்துக்கு அளிக்க முன்வந்தனர். அதனை எடுத்துச் செல்ல ஐந்து பெரிய பார வண்டிகள் வேண்டியிருந்தன என்று கூறுவர். விற்றிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருப்பர், விற்கவில்லை.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒருவர் ஊதியத்தை முழுவதும் கலைக்கே கொடுப்பது பள்ளிக் கட்டணம் செலுத்தும் நமக்குக் கைகூடாத காரியம். ஆயினும் அவர்கள் கையாண்ட முறையில் நாம் கொள்ளத்தக்கது உண்டு. எவ்வளவு, எங்கே, எது என்ற மூன்று கேள்விகளுக்கும் வாங்கும் முன்னரே இருவரும் விடை கண்டிருந்தனர். சிறிய வீடு அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. எதனை விடுவது, எதனைக் கொள்வது என்று தேர்ந்தெடுக்க அதுவே துணை செய்தது.

நம் நாட்டிலேயே போற்றத்தக்க எடுத்துக்காட்டு புனே நகரில் இருக்கிறது. அங்குள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் ஒரு குடும்பத்தின் உழைப்பால் எழுந்தது. 1896-ஆம் ஆண்டில் பிறந்த தினகர் கேல்கர், 1920-ஆம் ஆண்டை ஒட்டிப் பழம்பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். அரசர்களின் வாளும் முடியும் மட்டுமே பாதுகாக்கத் தக்கவை என்று அவர் கருதவில்லை. விளக்குகள், பாக்குவெட்டிகள், வெற்றிலைப் பெட்டிகள், சமையற் பாத்திரங்கள், சீப்புகள், கால் தேய்க்கும் கற்கள், கதவுகள், இசைக்கருவிகள் ஆகியவற்றை ஊர் ஊராகச் சென்று தேடினார். இவற்றுள் மிகுதியானவை பெண்டிர் நாள்தோறும் கையாளும் பொருள்கள் என்பது கருதத்தக்கது. அவருடைய மனைவி கமலாபாய் இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றார். அவர்களுடைய மகன் ராஜா ஏழு வயதில் இறந்துபோனான். அந்தக் குழந்தையின் பெயரையே பெற்றோர் அருங்காட்சியகத்துக்குச் சூட்டினர். 1975-ஆம் ஆண்டில் அத்தொகுதி மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கே 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. தினகர் கேல்கர் 1990-ஆம் ஆண்டில் மறைந்தார். துயரம் நேர்ந்த வீட்டில் சேகரிப்பு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கவும் கூடும். இருவரும் சேர்ந்து பற்றிக்கொள்ளும் கொழுகொம்பாகவும் கூடும். புனே நகரத் தம்பதியருக்கு அது கொழுகொம்பாயிற்று.

புனேயும் நியூயார்க்கும் தொலைவில் உள்ளன என்று எண்ண வேண்டுவதில்லை. கொலு வைக்கும் வழக்கமுள்ள தமிழர் இல்லங்களில் இக்கலை நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகிறது. தில்லியில் கரோல்பாக் பகுதியில் குடியேறிய தமிழர்களும் இவ்வழக்கத்தை உடன்கொண்டே வந்தனர். கொலுப் பொம்மைத் தொகுதியும் ஒரு சேகரிப்பே. எனினும் அதனால் வீட்டில் பூசல் விளைந்ததாகக் கேள்விப்படுவது அரிது. காரணத்தை நோக்குவோம். ஆண்டுக்கு ஒரு பொம்மையேனும் புதிதாக வாங்குவது வழக்கம்; ஆதலின் செலவு முன்கூட்டியே தெரிந்தது. ஆண்டின் பெரும்பகுதி பொம்மைகள் பழந்துணியில் சுற்றப்பட்டுப் பரணில் உள்ள பெட்டியில் உறங்குகின்றன. ஆதலின் இடம் வரையறுக்கப்பட்டது. ஒன்பது இரவுகள் மட்டுமே அவை வெளியே வருகின்றன. ஆதலின் நேரமும் வரையறுக்கப்பட்டது. படி கட்டுவது ஆண்மக்கள் வேலை. அடுக்குவது பெண்கள் வேலை. பூங்கா அமைப்பது சிறுவர் வேலை. அண்டை வீட்டார் வந்து கண்டு, சுண்டலும் வெற்றிலை பாக்கும் பெற்றுச் செல்கின்றனர். மணமாகிச் செல்லும் பெண் மரப்பாச்சியை உடன்கொண்டு செல்கிறாள். இவ்வாறு செலவு, இடம், காலம், பங்கு, வாரிசு ஆகிய அனைத்துக்கும் நம் பாட்டிமார் விதி செய்துவைத்துள்ளனர். அஞ்சல் தலை சேர்க்கும் கணவர் அவ்விதிகளைத் தம் ஏடுகளுக்கும் கொள்வாராயின், இல்லத்தில் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இவ்விதிகளை இக்காலத்துக்கு ஏற்ப எங்ஙனம் அமைத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

முதலாவது பணம். மாத ஊதியம் வந்தவுடன் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருத்துவம், சேமிப்பு ஆகியவற்றை ஒதுக்கியபின், கணவருக்கு ஒரு சிறு தொகையும் மனைவிக்கு அதே அளவு தொகையும் தனித்தனியே ஒதுக்கப்பட வேண்டும். அத்தொகையை எதற்குச் செலவிட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது; அத்தொகையைத் தாண்டிக் கேளாமல் செலவிடவும் கூடாது. இதில் மனைவியின் பங்கை மறப்பதே நம் இல்லங்களில் நிகழும் பெரிய குறை. அஞ்சல் தலை சேர்ப்போருக்கு இந்திய அஞ்சல் துறை, முன்பணம் செலுத்திக் கணக்குத் தொடங்கும் முறையை வைத்துள்ளது. புதிதாக வெளியாகும் தலைகள் அக்கணக்கிலிருந்து அனுப்பப்படுகின்றன. கணக்கில் உள்ள தொகையே வரம்பாக அமைவதால், இல்லறத்துக்கும் அது நன்று. கடன் வாங்கியோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ ஒரு பொருளையும் வாங்கலாகாது. பெண்ணுக்குப் பிறந்தகத்தார் அளித்த நகையும் பொருளும் அவளுக்கே உரியவை என்றும், மணம் புரிந்த காரணத்தால் கணவன் அவற்றில் பங்காளி ஆகான் என்றும் உச்ச நீதிமன்றம் 1985-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. அறநெறி முன்பே சொன்னதைச் சட்டமும் சொல்கிறது.

இரண்டாவது இடம். ஓர் அலமாரி என்றால் ஓர் அலமாரிதான். அது நிறைந்தபின் புதியது ஒன்று வரவேண்டுமாயின் பழையது ஒன்று வெளியேற வேண்டும். ஒரே வகையில் இரண்டு வைத்திருப்பவர் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம்; அல்லது ஒரு பள்ளி மாணவனுக்குக் கொடுக்கலாம். எதனை விடுவது என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கும் அன்றுதான் சேகரிப்பாளருக்குத் தம் பொருள்களைப் பற்றிய உண்மையான அறிவு உண்டாகிறது. தில்லியில் கோடைக்காலத்தில் அறையைக் குளிர்விக்கும் நீர்க்கூலர் காற்றில் ஈரத்தை ஏற்றுகிறது. அதனை அடுத்து மழைக்காலம் வருகிறது. இவ்விரண்டிலும் புதிய அஞ்சல் தலைகளின் பின்புறப் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காக, ‘என் ஏடுகள் இருக்கும் அறையில் கூலர் போடாதே’ என்று ஜூன் மாதத்தில் கட்டளையிடுவது கொடுமை. ஏடுகளை வேறு அறைக்கு மாற்றுவதே முறை. இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டைகளை வாரி இறைப்போரும் உளர். அவற்றில் பெரும்பாலும் உள்ள நாப்தலீன் என்ற பொருளின் ஆவி, ஜி6பிடி எனும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கவல்லது. அக்குறை நம் குழந்தைக்கு உண்டா என்பது சோதனை செய்யாதவரை தெரிவதில்லை. ஆதலின் கைக்குழந்தை உள்ள வீட்டில் அவ்வுருண்டைகளைப் பயன்படுத்தாமல் இருப்பதே நலம். வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளுக்குப் பயன்படுத்தியவை. அவற்றுடன் மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டித் தூசி தட்டுவது மேலும் பயன் தரும்.

மூன்றாவது நேரம். தில்லியில் புத்தகம் தேடுவோருக்குத் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை புகழ்பெற்றது. நடைபாதையில் நெடுங்காலம் நடந்துவந்த அச்சந்தை 2019-ஆம் ஆண்டில் ஆசப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட் திடலுக்கு மாற்றப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு புறப்படும் கணவர், அந்த நாள் மனைவிக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை நினைத்தல் வேண்டும். அலுவலகம் செல்லும் மனைவிக்கு வாரத்தில் மூச்சுவிடக் கிடைப்பது அந்த ஒரு நாள். அலுவலகம் செல்லாதவருக்கோ அந்த ஒரு நாளும் ஓய்வில்லை. மற்ற நாளைவிடச் சமையல் மிகுதி. மாதத்தில் ஒரு ஞாயிறு சந்தைக்கு, மற்றவை வீட்டுக்கு என்று வகுத்துக்கொள்வது நியாயமாகும். அந்த ஒரு ஞாயிறு போலவே மனைவிக்கும் ஒரு ஞாயிறு உரியது. அன்று குழந்தைகளைக் கவனிப்பதும் அடுப்பைப் பார்ப்பதும் கணவர் பொறுப்பு.

நான்காவது, பிற்கால ஏற்பாடு. இதனைப் பற்றிப் பேச நாம் அனைவரும் கூசுகிறோம். அரசாங்க ஊழியர் ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அன்று முப்பது ஆண்டுச் சேகரிப்பும் வாயிலில் வந்து நிற்கும். அதனினும் கடுமையானது, சேகரித்தவர் திடீரென்று மறைந்துபோகும் நிலை. உயில் எழுதாமல் இந்து ஆடவர் ஒருவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல்வரிசை வாரிசுகள் ஆவர். அலமாரியில் உள்ள நாணயங்களும் அப்பங்கீட்டில் அடங்கும். எது அரியது, எது எளியது என்று அவர்களுள் எவருக்கும் தெரியாவிட்டால், எல்லாம் பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறிவிடும். ஆதலின் சேகரிப்பவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொருளின் பெயர், வாங்கிய நாள், கொடுத்த விலை, விற்க நேர்ந்தால் அணுகத்தக்கவர் ஆகியவற்றை எழுதி, அந்நோட்டு இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லிவைக்க வேண்டும். உண்மை விலையை எழுதும் அந்த நோட்டே மறைப்புக்கு மருந்தாகவும் அமையும். உயில் எழுதுவதும் கடினமன்று, எழுதியவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருந்தால் போதும், முத்திரைத்தாள் கட்டாயமில்லை.

குடும்பத்தார் அருமை அறிந்திருந்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியாரின் தொகுதி சான்று. நூல்களும் இதழ்களும் நாடக விளம்பரத் தாள்களுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளைத் தம் வீட்டில் அவர் திரட்டியிருந்தார். 1992-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அத்தொகுதி சிதறிப் போகாமல், 1994-ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தால் முழுமையாக வாங்கப்பட்டது. அது நாட்டை விட்டுப் போகவில்லை. சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் இன்றும் தமிழ் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டு வருகிறது.

பழைய சிலைகளையும் ஓவியங்களையும் விரும்புவோர் ஒரு சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களும், எழுபத்தைந்தாண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளும் அதன் கண் தொல்பொருள்கள் ஆகும். சிலைகள், ஓவியங்கள் முதலிய குறிப்பிட்ட வகைகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாத ஒரு செப்புத்திருமேனியை மலிவாகக் கிடைத்தது என்று வீட்டுக்குக் கொண்டுவருபவர், அது எந்தக் கோயிலின் கருவறையிலிருந்து பெயர்க்கப்பட்டதோ என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பிற்பாடு விசாரணை வந்தால் வாயிற்கதவைத் திறந்து பதில் சொல்ல நேர்வது பெரும்பாலும் மனைவிக்கே.

இதுகாறும் கணவருக்கே மிகுதியாகச் சொன்னோம். மறுபக்கமும் உண்டு. மனைவியர் பலர் கோல நோட்டுகளும், பட்டுத் துணித் துண்டுகளும், பழைய வார இதழ்த் தொடர்கதைகளைக் கத்தரித்துத் தைத்த தொகுப்புகளும் சேர்த்து வைத்திருக்கின்றனர். தம் நாணயங்களைக் கல்வி என்று சொல்லும் கணவர், இவற்றைக் குப்பை என்று சொல்வது நடுநிலை ஆகாது. அவ்வாறே, கணவர் அலுவலகம் சென்ற வேளையில் அவருடைய பழைய இதழ்க் கட்டுகளை எடைக்குப் போட்டுவிடும் மனைவியும் நடுநிலை தவறியவரே. ஒரு பொருளின் மதிப்பு நமக்குத் தெரியாதபோது, தெரிந்தவரைக் கேட்ட பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும். குழந்தைகளையும் விலக்கி வைக்கலாகாது. 1852-ஆம் ஆண்டில் சிந்து மாகாணத்தில் வெளியான அஞ்சல் தலைகளே ஆசியாவில் முதலாவன என்பதும், 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது என்பதும், கையில் பொருளை வைத்துச் சொன்னால் குழந்தைக்கு ஒருபோதும் மறப்பதில்லை. தில்லியில் டாக் பவனில் 1968-ஆம் ஆண்டு முதல் தேசிய அஞ்சல் தலை அருங்காட்சியகம் இருந்து வருகிறது. தனியே செல்லும் கணவர் அடுத்தமுறை குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம்.

சேகரிப்பை விட்டுவிடுக என்று நாம் சொல்லவில்லை. விருப்பம் ஒன்றும் இல்லாத மனிதரோடு வாழ்வதும் இல்லத்தாருக்கு எளிதன்று. இந்த மாதம் ஊதியம் வந்த அன்று மாலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து இருவரும் அமர்க. இதுவரை வாங்கியவற்றின் உண்மை விலைகளை அதில் எழுதுக. சில விலைகளைக் கேட்டு மனைவி முகம் சுளிக்கலாம். சில பொருள்களின் கதையைக் கேட்டு அருகில் வந்து பார்க்கவும் செய்யலாம். கணக்கு எழுதி முடிந்தபின், அடுத்து வாங்குவது எது என்பதை இருவரும் கலந்து முடிவு செய்க.